ஐம்பதாவது ஆள்

இதில் ஒரு வரிகூட நான் ஜோடித்தது இல்லை. மாநகராட்சி வரிப் பிரிவில் வேலை பார்ப்பவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் நகரத்தின் மையப்பகுதி வெறிச்சோடிப் போனது. வரி வசூல் படுத்துவிட்டது. ஆட்களைத் திரும்ப வரவழைக்க மாநகராட்சி ஒரு சலுகை கொண்டுவந்தது. ஐம்பது பேராவது வந்து வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் பாதி வரிதான். சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தலைகளை எண்ணுவது என் வேலை.

அன்று என் பங்குக்கு வந்தது என் அக்கா கேன்டீன் நடத்தும் கட்டடம். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சலுகை கிடைக்காவிட்டால் கட்டடத்தையே பூட்டிவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"எப்படியாவது பாத்துக்கோடி," என்றாள்.

"உள்ளதைத்தான் எழுதுவேன்," என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன்.

பிற்பகல் 3.10. ஆறாவது மாடி மட்டும்தான் இயங்கியது. மேசை மேசையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். யாரும் வாய் திறக்கவில்லை. பலர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வரி ஆபீஸ்காரியைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது. மறுபடியும் எண்ணினேன். அதே நாற்பத்தொன்பது.

அப்போதுதான் மூலையில் அந்தச் சத்தம்... டக். டக். டக்.

மூலை இருட்டாக இருந்தது. அந்த அலுவலகத்தில் ஆள் அசைந்தால் விளக்கு தானாக எரியும். அசையாவிட்டால் அணைந்துவிடும். அங்கே ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கைகள் அசைந்தன. விளக்கு எரியவில்லை.

நான் ஓரடி வைத்தேன். எரிந்தது.

நின்றேன்.

அணைந்தது.

டக். டக்.

"சார்... கையெழுத்து..."

திரும்பாமலே கையை நீட்டினார். பேனா கொடுக்கும்போது விரல் பட்டது. ஐஸ்.

"எப்ப வந்தீங்க?"

"கூப்பிட்டீங்களே... வந்தோம்."

மணி 3.26.

தாளைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டு வழியாக ஓடினேன்.

மறுநாள் அறிக்கை கொடுத்தேன். ஐம்பது என்றுதான் எழுதினேன். கையெழுத்து இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்து நாள் கழித்து, அறிக்கையின் நகல் கிடைத்ததும், அந்த அலுவலக மேலாளர் போன் செய்தார்.

"மேடம், லிஸ்ட்ல கடைசிப் பேரு... அவரை நீங்க பாத்தீங்களா?"

"மூலையில இருந்தாரே."

"அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்ல வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டார். பதினோரு நாள் எங்க யாருக்கும் தெரியல... கம்ப்யூட்டர்ல ஆன்லைன்னே காட்டிக்கிட்டு இருந்துச்சு."

கையெழுத்துத் தாளைத் தேடி எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு மேடம். அன்னைக்கு வாசல்ல கார்டு காட்டி உள்ள வந்தது மொத்தமே முப்பத்தொரு பேர்தான்."

அறிக்கையைத் திருத்தினால் அக்கா தெருவுக்கு வந்துவிடுவாள். திருத்தவில்லை.

போன வாரம் அடுத்த எண்ணிக்கை. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாக ஒரு சக ஊழியர் போனார். அறுபத்து நான்கு என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"நல்ல ஆளுங்க," என்றார். "எல்லாரும் உங்களைத்தான் விசாரிச்சாங்க."