அப்பாவின் முதுகுக்கு சிமெண்ட் தேவையா?

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஐந்து கிலோ அரிசி வாங்கிக்கொண்டு ஈசூன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அப்பா, வீட்டு வாசலில் பையை வைக்கக் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை.

வயது எழுபத்து மூன்று. எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. ஐந்து கிலோவுக்கா? எலும்பு மெலிந்துவிட்டால் தும்மினாலே போதுமாம்.

டாக்டர் நம் தமிழர். இரண்டு வழி சொன்னார். பெல்ட் கட்டி, வலி மாத்திரையோடு சில வாரங்கள் காத்திருப்பது. அல்லது, ஊசி வழியாக எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துவது. "வீட்டுல பேசிட்டு வாங்க."

நான் இன்ஜினியர். பேசுவேனா? பட்டியல் போட்டேன். மயக்க மருந்து, இதயம், சர்க்கரை... மொத்தம் இருபத்திரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். சிமெண்ட் ஜெயித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்துப் பாத்ரூம் போவதைப் பார்க்க முடியவில்லை. மதிப்பெண் போட்டது என் பயம்தான்.

அடுத்த வாரம் டாக்டர் முன்னால் நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். கட்டுமானத் தளத்தில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். சிமெண்ட் என்று காதில் விழுந்தபின் சும்மா இருப்பாரா?

"டாக்டர், நடு மாடிய மட்டும் கெட்டியாக்கிட்டா, மேல் மாடியும் கீழ் மாடியும் தாங்குமா? அதுங்களும் பழசுதானே."

"அப்பா, இது அடுக்குமாடி பிளாக் இல்லப்பா," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லம்மா, அங்கிள் சரியாத்தான் கேக்குறார். பக்கத்து எலும்பும் உடையலாம். சிமெண்ட் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அதனால எலும்பு பலத்துக்கு மருந்து கட்டாயம். கால் மரத்துப் போகுதா அங்கிள்?"

"இல்ல."

"வலி?"

"போன வாரம் என்னைத் தூக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. இப்ப இவ ஒருத்தி போதும் லா."

"அப்ப மூணு வாரம் பார்ப்போம். குறையலன்னா செஞ்சிடலாம்."

வலி குறைகிறதா என்று வலிப்பவரிடமே கேட்கலாம்... இது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து அப்பா யார் கையையும் பிடிக்காமல் டாக்டரின் அறைக்குள் நடந்தார். பெல்ட் மட்டும் துணை. "ஆபரேஷன் வேணாம் அங்கிள். மருந்த மட்டும் விட்டுடாதீங்க," என்றார் டாக்டர்.

லிஃப்டில் இறங்கும்போது அப்பா யோசனையாகச் சொன்னார்:

"முப்பது வருஷத்துல, வேலை வேணாம்னு சொன்ன முதல் கான்ட்ராக்டர் இவருதான்மா."