மூன்றாவது ரிப்பன்

எங்கள் ஊர்ப் பிரசவ வார்டை மூடி ஆறு வருடம் ஆகிறது. அரசாங்க அறிக்கையில் மூடுவது என்ற சொல்லே இல்லை. 'தாய்மார்களுக்கான சேவை வலுப்படுத்தப்படுகிறது' என்றுதான் இருந்தது. வலுப்படுத்திய கையோடு கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பிரசவ வார்டு சோல்ஃப்ரிட்டின் டாக்ஸிதான்.

சோல்ஃப்ரிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. அகலமான தோள், அதைவிட அகலமான வாய். முப்பது வருடமாக வடக்கு நார்வேயின் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறாள். கடலோர ஆஸ்பத்திரிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர். ஊரில் ஆம்புலன்ஸ் ஒன்று உண்டு. அது எப்போதும் வேறெங்காவது இருக்கும். அதனால் அவள் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பும் கம்பளியும் தயாராக இருக்கும். இரண்டு குழந்தைகள் அதில் பிறந்துவிட்டன, இரண்டுமே மலையுச்சியில் வண்டிகள் நிற்கும் அதே திருப்பத்தில். அங்கே பனியில் பாதை தெரிவதற்காக நட்ட கம்பில், பிள்ளைக்கு ஒன்றாகச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள்.

போன ஏப்ரலில், நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் அவள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ரேடியோவில் சுகாதார அமைச்சர் பேசினார். தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது பழைய சிந்தனையாம், மனதில் உள்ள பாதுகாப்பு உணர்வால் அளக்க வேண்டுமாம்.

சோல்ஃப்ரிட் கோப்பையை டொக்கென்று வைத்தாள். "எம்பொண்ணு மைக்கனுக்கு நவம்பர்ல பிரசவம். எம்பேரப்புள்ள கட்டில்ல பொறக்கணும், கார்ல இல்ல. அந்தாளு கையில கிடைக்கட்டும், கேக்கறேன்."

கிடைத்தார். அடுத்த வாரமே, டாக்டரைத் திரையில் பார்க்கும் அறை ஒன்றைத் திறந்து வைக்க வந்தார். வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்தார்கள். கேமராவுக்காக ஐந்து கோப்பை காபி குடித்தார். காற்று பலமாக இருந்ததால் அவரைத் திரும்ப அழைத்துப் போக வேண்டிய சின்ன விமானம் வரவில்லை. கடலோரத்துக்குப் போக அமைச்சரும் அவர் ஆலோசகரும் சோல்ஃப்ரிட்டின் டாக்ஸியில் ஏறினார்கள். பிறகு நடந்ததை அவள் ஊரெல்லாம் நடித்தே காட்டினாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் அமைச்சர் கால்மேல் கால் போட்டார். ஐம்பதாவதில் காலை மாற்றிப் போட்டார்.

"வழியில கழிப்பறை எங்க இருக்கு?"

"இருந்துச்சு. சிக்கனம்னு போன வருஷம் நீங்கதான் பூட்டுனீங்க."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிலோமீட்டர்ல சொல்லட்டுமா, இல்ல மனசால அளந்துக்கறீங்களா?"

மலையுச்சித் திருப்பத்தில் நிறுத்தினாள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆலோசகர் தன் கோட்டை விரித்துத் திரை பிடித்தார். "காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க!" என்று சோல்ஃப்ரிட் கத்தினாள். கொஞ்சம் தாமதமாகக் கத்தினாள். அதை அவளே ஒப்புக்கொள்கிறாள்.

நனைந்த பேண்ட்டோடு திரும்பியவர் கம்பில் ரிப்பன்களைப் பார்த்தார். "அது என்ன?"

"பிரசவ வார்டு. ரெண்டு புள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு. மூணாவதா எம்பொண்ணு வரப்போறா. அவளுக்கு ஊர்ல ஒரு கட்டில் கிடைக்குமா, கிடைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"உங்க கவலைய நான் முழுசா உள்வாங்கிக்கிட்டேன்" என்றார் அமைச்சர். காபியையும் அப்படித்தான் உள்வாங்கியிருந்தார்.

ஆனால் செப்டம்பரில் உண்மையாகவே கட்டட ஆட்கள் வந்தார்கள். மலையுச்சித் திருப்பத்தில் மரமும் கண்ணாடியுமாக, தரைக்கு அடியில் சூடு ஓட, ஒரு கட்டடம் எழுந்தது. கழிப்பறை. 'மக்களின் குரல் கேட்கப்பட்டது' என்று அறிக்கை வந்தது. ஓர் அதிகாரி சிவப்பு ரிப்பன் வெட்டினார். விழுந்த துண்டைச் சோல்ஃப்ரிட் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு காலை மைக்கனுக்கு வலி கண்டது. மலையில் பனிப்புயல், ஆம்புலன்ஸ் வழக்கம்போல் வேறெங்கோ. அம்மாவின் டாக்ஸியில் அந்தத் திருப்பம் வரைதான் போக முடிந்தது.

"அம்மா, கார்ல வேணாம்மா, குளுருது."

"எந்திரிடி, என்னப் புடிச்சுக்க. உள்ள சூடா இருக்கும்."

மருத்துவச்சி போனில் சொல்லச் சொல்ல, கை கழுவும் தொட்டிக்குக் கீழே, அந்தச் சூடான தரையில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். மூன்றாவது ரிப்பன் கம்பில் ஏறியது.

பெட்ரோல் பங்குக்கு வந்த சோல்ஃப்ரிட்டிடம், "அமைச்சர் ஏதோ செஞ்சாரே, சந்தோஷப்படு" என்று சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவருக்கு அர மணி நேரம் முட்டுச்சு, கழிப்பறை வந்துச்சு. ஒரே ஒரு நாள் பிரசவ வலி வந்திருந்தா, எம்பேத்தி கட்டில்ல பொறந்திருப்பா."