வாளி என்ர கையில

யோகராணியை மட்டிக்கள்ளி என்று கூப்பிட்டவர்கள் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும். ஆக்லாந்தின் பாப்பாடோடோவில் என் வீடு எல்லாருக்கும் தெரியும், கதவும் திறந்துதான் கிடக்கிறது.

நான் ரோஸ்மேரி. கிள்ளானில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் ஆக்லாந்துக்கு வந்தவள். அதற்கு நாலைந்து வருடம் கழித்து, பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள் யோகராணி. கூடவே கணவர் சிவனேசன், இடுப்பில் சிவானி என்று ஒரு குழந்தை. வந்த மறுநாளே வேலியால் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் கதை விடுவது என்றால் புளுகுவது. நான் சும்மா இருப்பேனா? "கதையெல்லாம் வேணாம்மா, உண்மையைச் சொல்லு," என்றேன். பாவம், அவள் முகம் செத்துப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவதுதான் என்று அவள் விளக்கியபிறகு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

ஆள் ஒடிசல். குரலும் அப்படித்தான், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். ஆனால் பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஆண்டவன் அவளுக்கு வஞ்சனையில்லாமல் கொடுத்திருந்தான். விடியுமுன்னே இரண்டு பஸ் பிடித்து ஈஸ்ட் டாமாக்கிக்குப் போய் ஆபீஸ்களைக் கூட்டித் துடைப்பாள். குளிரில் கை வெடித்து வந்தாலும் வாயில் ஒரு முனகல் வராது. எனக்கென்றால் தலைவலி வந்தாலே தெருவுக்கே தெரியவேண்டும்.

அந்த மட்டி விவகாரம் நடந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில். மட்டி என்பது கடற்கரை மணலுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. நாங்கள் கெராங் என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கடற்கரைக்குப் போனார்கள். நான் சர்ச்சுக்குப் போய்விட்டேன், சிவனேசனுக்கு விரி என்ற இடத்தில் கிடங்கு வேலை. எல்லாரும் மட்டி கிண்டினார்கள். மாலையில் யோகராணி வீட்டில் சமைத்து எல்லாருமாகச் சாப்பிடுவதாகத் திட்டம். எங்கே சமையலோ அங்கேதானே சாமான் சேரவேண்டும்? ஆகவே ஐந்து குடும்பம் எடுத்ததும் யோகராணியின் ஒரே வாளிக்குள் போயிற்று. பெரியது சின்னது எல்லாம். கரையில் பலகை இருந்தது: ஓர் ஆள் இவ்வளவுதான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் குற்றம் என்று. யாரும் நின்று வாசிக்கவில்லை.

மீன்வளத்துறை அதிகாரி வந்தார். சீருடையைக் கண்டதும் கூட வந்த சோதிலிங்கத்துக்குத் திடீரென்று காரில் ஏதோ எடுக்கவேண்டிய ஞாபகம் வந்துவிட்டது. தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் மைக்கை விடாத மனிதர் அவர். சமூகம், ஒற்றுமை, தியாகம் என்று தொண்டை வறளப் பேசுவார். அன்றைக்கு அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அவர் நடந்ததும் மற்றவர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள். சிவானியைப் பிடித்தபடி, கையில் வாளியோடு நின்றது யோகராணி மட்டும்தான்.

அதிகாரி தன்மையாகத்தான் கேட்டாராம். இதெல்லாம் உன்னுடையதா? யெஸ், யெஸ். எவ்வளவு எடுக்கலாம் என்று தெரியுமா? யெஸ், யெஸ். தெரிந்தேதான் எடுத்தாயா? யெஸ், யெஸ்.

யாழ்ப்பாணத்துக்காரர் டெலிபோனில் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? எதிர்முனையில் என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் "ஓம், ஓம், ஓம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஆமாம் என்று பொருளில்லை. காதில் விழுகிறது, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் மேலே சொல்லுங்கள் என்று பொருள். அந்த ஓமைத்தான் இந்தப் பைத்தியக்காரி இங்கிலீஷில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அதிகாரி வேறென்ன செய்வார்? தெரிந்தே எடுத்ததாக எழுதிக்கொண்டார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அபராதம் போனால் போகட்டும், அதோடு குற்றப்பதிவு என்று ஒன்றும் அவள் பேரில் ஏறிவிட்டது.

"மத்தவங்க பேரைச் சொல்லேன்டி!" என்று நான் கத்தினேன். "அஞ்சு குடும்பத்துக் கெராங்குன்னு சொல்லு லா!"

"வாளி என்ர கையில இருந்தது அக்கா," என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. சிவனேசனும் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

அந்த வாளியை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினவர்களே அடுத்த மாதம் அவளுக்குப் பட்டப்பெயரும் வைத்தார்கள். பகிடியாம். ஒரு பிறந்தநாள் விழாவில் அவள் பாயசம் பரிமாறும்போது, "மட்டிக்கள்ளி வாறா, கிண்ணத்தை எண்ணி வையுங்கோ" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் சிரிப்பு நின்றது. அன்றைக்கு என் கணவர் செல்வராஜ் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போகாவிட்டால் இந்தக் கதை வேறு கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

இரண்டு வருடம் போயிற்று. ஈஸ்ட் டாமாக்கியில் அவள் துடைத்த இடங்களில் ஒன்று, மஸ்ஸல் சிப்பிகளைப் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. அங்கே மேனேஜர் ஹினே என்ற மாவோரிப் பெண்மணி, இந்த மண்ணின் பூர்வகுடி. ஒருநாள் யோகராணியைக் கூப்பிட்டு, குளிர் அறைக்குப் பொறுப்பாக ஆள் தேடுகிறோம், நீயும் விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். வருகிற சரக்கைச் சரிபார்த்து, போகிற சரக்கைப் பூட்டித் திறக்கும் வேலை. நிரந்தரம். துடைப்பத்தைக் கீழே வைக்கலாம். வேலியருகே வந்து அவள் இதைச் சொன்னபோது அவள் குரல் முதல்முறையாக எங்கள் பின்வாசல்வரை கேட்டது.

அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. நேர்முகத்தில் எல்லாரிடமும் கேட்பார்கள், குற்றப்பதிவு ஏதாவது உண்டா என்று. ஊரில் உள்ள எத்தனையோ கம்பெனியில் இதைச் சொன்னால் சிரித்துவிட்டு விடுவார்கள். சிப்பிக் கம்பெனியில் போய், சிப்பி எடுத்துப் பிடிபட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் சிப்பி வைக்கும் அறைக்கே காவல் வேலைக்கு! ஐயோ ஆண்டவனே, அவளுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தது மாதிரி இருந்தது.

நேர்முகத்துக்கு முந்திய நாள் பிற்பகல், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சோதிலிங்கம் வந்தார். நான் யோகராணியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தங்கச்சி, நான் ஒரு நல்லது சொல்ல வந்தனான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "இல்லை எண்டு சொல்லிவிடு. ஆர் தேடிப் பாக்கப் போகினம்? இது சின்ன விசயம்."

"சின்ன விசயமெண்டா சொல்லலாம்தானே அண்ணை," என்றாள் யோகராணி.

"ஐயோ, உனக்கு விளங்கேல்லை. அவை துருவித் துருவிக் கேப்பினம். ஆர் ஆர் வந்தவை, ஆற்ற கார் எண்டு. பிறகு எங்கட ஆக்களுக்கெல்லாம் கூடாத பேர்."

அப்போதுதான் வாழைப்பழத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. மனுஷன் அவளுக்காக வரவில்லை, தனக்காக வந்திருக்கிறார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் மிஸ்டர் சோதி, அன்னைக்குக் காருக்குப் போனவரு இன்னும் அங்கேயே உக்காந்திருக்க வேண்டியதுதானே?" என்று எழுந்தேன்.

யோகராணி என் கையைப் பிடித்து இருத்தினாள். அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அண்ணை, உங்கட பேரை நான் கோர்ட்டிலயே சொல்லேல்லை. நாளைக்குச் சொல்லுவனோ? பயப்பிடாமல் போயிட்டு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவர் தேநீர் குடிக்கவில்லை. அந்த முகம் இருந்த இருப்பைப் பார்க்க நான் எத்தனை சர்ச் திருவிழாவை வேண்டுமானாலும் தவறவிடுவேன். அவள் எனக்குப் பிள்ளை மாதிரி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவளுக்கு முன்னால் நான்தான் சின்னப்பிள்ளை ஆகிவிட்டேன்.

மறுநாள் நான்தான் காரில் கொண்டுபோனேன். இங்கிலீஷில் தடுமாறினால் உதவிக்குத் துணை வரலாம் என்று ஹினே சொல்லியிருந்தார். "அக்கா, நான் கேட்டாத்தான் நீங்கள் வாய் திறக்கவேணும்," என்று யோகராணி வழியெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹினே பெரிய உருவம், நரைத்த தலை, கழுத்தில் பச்சைக்கல். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் யோகராணி திக்கித் திக்கி, ஆனால் சரியாகவே சொன்னாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. குற்றப்பதிவு ஏதாவது உண்டா?

"யெஸ்," என்றாள் யோகராணி. ஒரேயொரு யெஸ். "ஷெல்ஃபிஷ். அளவுக்கு மேலே எடுத்தேன். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள்."

ஹினே பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. எந்தக் கடற்கரை என்று கேட்டார். யோகராணி பெயரைச் சொன்னாள். ஹினேயின் முகம் இறுகியது.

"அது எங்கள் ஆட்கள் வழிவழியாக எடுத்துச் சாப்பிட்ட இடம்," என்றார். "இப்போது போய்ப் பார். கிண்டினால் வெறும் ஓடு."

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மேடம், அது அவளுடையது மட்டும் இல்லை, மற்றவர்கள்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் யோகராணி என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹினே என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மற்றவர்கள் யார்?" என்று யோகராணியைக் கேட்டார்.

"வாளி என் கையில் இருந்தது," என்றாள் யோகராணி, இங்கிலீஷில். பிறகு சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். முதலில் தனக்குக் கோபம் வந்ததாம், இதுவும் ஒரு குற்றமா என்று. அபராதம் கட்டியபின் ஒருநாள் தனியாக அந்தக் கரைக்குப் போய்ப் பலகையை அகராதி வைத்து வாசித்தாளாம். "குஞ்சுகளையும் எடுத்துவிட்டோம். அது பிழை. எனக்கு வெட்கம். நீங்கள் வேலை தராவிட்டாலும் சரிதான். ஆனால் இல்லை என்று சொல்லி உள்ளே வரமாட்டேன்."

இரண்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவள் திரும்ப அங்கே போனது எனக்குத் தெரியாது. நான் இதை அநியாயம், அநியாயம் என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பிழை என்று தானே கண்டு, தானே சுமந்திருக்கிறாள்.

ஹினே எழுந்து வெளியே போய்விட்டார். கதவு சாத்தியது. "அவ்வளவுதான், கிளம்பு," என்றேன். யோகராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் முதுகு வளையவில்லை, அதை நான் பார்த்தேன்.

கதவு திறந்தது. ஹினேயின் கையில் ஒரு சோடி வெள்ளை ரப்பர் கம்பூட்ஸ்.

"திங்கட்கிழமை ஆறு மணிக்கு வா," என்றார். "இது ஆறாம் சைஸ். உன் கால் இன்னும் சின்னதா?"

நான் எழுந்துபோய் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். யோகராணி உட்கார்ந்து பூட்ஸைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பெரிது. ஆனாலும் அளவாக இருக்கிறது என்று சொன்னாள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

திங்கட்கிழமை வேலை முடிய, பஸ் வேண்டாம் என்று நானே போய்க் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். காரில் ஏறியவள் பெல்ட்டைப் போட்டாள். வலது கையை மட்டும் இறுக்கி மூடி மடியில் வைத்திருந்தாள்.

"என்னா யோகா, கையில அடியா?" என்று பதறினேன்.

விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒரு பெரிய பித்தளைச் சாவி. குளிர் அறைச் சாவி. அழுத்தி வைத்ததில் தோலில் பல் பல்லாகப் பதிந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால் வைத்து, இனி இது யோகாவிடம்தான் இருக்கும் என்று சொல்லி ஹினே கொடுத்தாராம்.

"தெரிஞ்சுகொண்டு தந்தவ அக்கா," என்றாள். "தெரியாமல் தந்திருந்தா இது எனக்கு வேண்டாம்."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை.