உட்காரச் சொன்ன கோச்

மளிகைக்கடை வரிசையில் நிற்கும்போதும் லொரெய்ன் பவெல்ஸ்கியின் மணிக்கட்டு சும்மா இருக்காது. கையில் குடை இருந்தால் குடை, நீள ரொட்டி இருந்தால் ரொட்டி. அதைத் தோளோரம் நிமிர்த்திப் பிடித்து, உள்ளே தூங்கும் எதையோ எழுப்பிவிடாதபடி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பார். லக்ராஸ் என்ற ஆட்டத்தில், மட்டை நுனியிலுள்ள வலையிலிருந்து பந்து நழுவாமலிருக்க, ஓடும்போது அப்படித்தான் ஆட்ட வேண்டும். பால்டிமோரில் பாதிப் பேருக்கு அது பார்த்ததும் புரிந்துவிடும். "ரொட்டியைக் கீழ வை லொரெய்ன், அந்த அம்மா மேல கோல் போட்டுடப் போற," என்பார் கணவர் வெர்னன்.

லொரெய்னுக்கு அறுபத்தொரு வயது. மூக்கின் மேல் வெயிலுக்கு அப்பிய வெள்ளைப் பசை. விசில் வாங்கினால் ஒரு வாரத்தில் தொலைத்துவிடுவார். இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில்தான் கடைசிவரை. எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'தான். ஆட்டக்காரிகள், நடுவர், கல்லூரித் தலைவர், அபராதச் சீட்டு எழுத வந்த போலீஸ்காரர் உட்பட. கண்ணு போய் குடும்பப் பெயர் வந்துவிட்டால் மட்டும் பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி. லொரெய்ன் வளர்ந்த தெருவில் யாரிடமும் அந்த மட்டை கிடையாது. பணக்காரப் பள்ளிப் பெண்களின் ஆட்டம் அது. பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த அவரை, மாலையில் பெண்கள் அணியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சிறிய கல்லூரி கூப்பிட்டது. கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலிருந்த சரிவான நிலத்தை மைதானம் என்று கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் வேண்டிய ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆளைத் தேடி லொரெய்ன் நேரே நீச்சல் குளத்துக்குப் போனார்.

"உனக்கு ஓட வருமா கண்ணு?"

"நீந்தத்தான் வரும்."

"பரவால்ல வா, வெளில மழை கொட்டுது."

அந்தக் காலத்தில் பேருந்து ஓட்டுநருக்குக் கல்லூரி சம்பளம் தராது. நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த வெர்னன் தன் விடுமுறை நாட்களில் அணியை ஏற்றிக்கொண்டு போனார். அணியின் பாவாடைகளெல்லாம் வீட்டில் துவைத்துக் காயும். சாப்பாட்டு மேசைக்குப் போக, ஈரப் பாவாடைகளை விலக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு இரண்டு தேசியக் கோப்பைகள் வந்தன, சமதளமான மைதானம் வந்தது. இன்று எதிரணிகளில் நிற்கும் கோச்சுகளில் பலர் இவரிடம் ஆடியவர்கள். இவரிடம் தோற்றால், அழுவதற்கும் இவரிடமேதான் வருகிறார்கள்.

வெர்னன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அணியின் பேருந்தை விடவில்லை. ஆட்டக்காரிகளின் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கடந்த மே மாதம் நடந்ததை அங்கிருந்துதான் பார்த்தார்.

தேசிய இறுதியாட்டம். கோல் கணக்கு சமம், முடியச் சில நிமிடங்களே இருந்தன. நேடீன் ட்ரெஸ்லர் என்ற பெண் தனியாளாக அணியைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். நாட்டு அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அவளுக்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எதிரணிக்காரியின் மட்டை அவள் காதுக்கு மேலே இறங்கியது. பெண்கள் ஆட்டத்தில் கண்ணுக்குத்தான் கம்பிக் காப்பு, தலைக்கு ஒன்றும் கிடையாது. விழுந்த நேடீன் உடனே எழுந்துகொண்டாள். ஓடிவந்த மருத்துவ உதவியாளர் தேதி கேட்டார், ஊர் கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னாள். ஆடலாம் என்று தலையசைத்தார் அவர்.

லொரெய்ன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பலகையை அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு கண்ணையும் திற. எத்தனை பலகை தெரியுது?"

நேடீன் மூடிய கண்ணைத் திறந்தாள். "ஒண்ணுதான் கோச்."

பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"உக்காரு ட்ரெஸ்லர்."

"கோச், ப்ளீஸ்! எனக்காக வந்திருக்காங்க கோச்!"

"தெரியும். உக்காரு."

ஒரு கோலில் தோற்றார்கள். நேடீன் பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய அப்பா ரஸ் கூரை வேய்கிறவர், பெரிய கைகள். ஆட்டம் முடிந்து அணி ஏறிய பேருந்தின் கதவை அந்தக் கைகளால் ஓங்கி அறைந்தார்.

"எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே! அவளே நல்லாருக்கேங்கறா. நீ யாரு சொல்றதுக்கு?"

லொரெய்ன் படியில் இறங்கி நின்றார். "கோப்பை அடுத்த வருஷமும் இருக்கும் ரஸ். அவளுக்கு இருக்கறது ஒரு தலை. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்!" என்று மகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே கல்லூரியில் புகார் செய்தார். அடுத்த வருடம் லொரெய்னை வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என விளையாட்டுத் துறை இயக்குநர் தொலைபேசியில் சொன்னார். "யோசிங்க கண்ணு," என்று வைத்துவிட்டு வந்து லொரெய்ன் முட்டை பொரித்தார். முட்டை கருகியிருந்தது, வெர்னன் சாப்பிட்டுவிட்டார்.

அன்று மதியம் நேடீன் தன் வீட்டுச் சமையலறையில் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாள். மண்டையோட்டுக்கு அடியில் இரத்தம் கசிந்திருந்தது. அறுவை வேண்டாம், ஆனால் இன்னொரு அடி பட்டிருந்தால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் மருத்துவர். இயக்குநர் மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "வர்றப்ப டோனட் வாங்கிட்டு வாங்க," என்றார் லொரெய்ன்.

கோடை முழுக்க நேடீன் திரை போட்ட அறையில் படுத்துக் கிடந்தாள். வெளிச்சம் ஆகாது, படிக்கக் கூடாது. லொரெய்ன் வாராவாரம் போனார். இருட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தடவிப் பார்த்தே பழைய மட்டைகளுக்கு வலை பின்னினார். முதல் இரண்டு முறை அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது முறை இருட்டிலிருந்து குரல் வந்தது.

"கோச்."

"சொல்லு கண்ணு."

"ரெண்டு பலகை தெரிஞ்சுது."

"தெரியும்."

"கோவமா?"

"நானா இருந்தா மூணு தெரிஞ்சாலும் ஒண்ணுன்னுதான் சொல்லியிருப்பேன்."

நேடீன் சிரித்தாளாம், உடனே தலை வலிக்கிறது என்று திட்டினாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுதான் அந்த மே மாதத்துக்காக லொரெய்ன் அழுதார். வெர்னன் அவர் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருடம் லொரெய்னுக்கு வண்டியோட்டக் கொடுத்துவைத்ததை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அந்த நாட்களில் ரஸ் மட்டும் கண்ணில் படவே இல்லை. லொரெய்னின் கார் வாசலில் நின்றால் அவர் கூரை வேலை இருக்கிறதென்று கிளம்பிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வெர்னன் கதவைத் திறந்தார், லொரெய்னும் பின்னாலேயே வந்தார். ரஸ் நின்றிருந்தார், கையில் ஒரு கூடை நிறைய, மசாலா போட்டு வேகவைத்த நண்டுகள், இன்னும் ஆவி பறந்தது.

"டாக்டர் நேத்து… அவ வெளில நடக்கலாம்னுட்டாரு," என்றார். "அன்னிக்கு நான்… கோச், நான் மட்டும் அன்னிக்கு…"

கூடையை முன்னால் நீட்டினார்.

லொரெய்ன் கூடையை வாங்கிக்கொண்டு அவரையும் உள்ளே கூட்டிப் போனார். மேசை மேல் செய்தித்தாளை விரித்து நண்டுகளைக் கொட்டினார். நண்டு ஓட்டை உடைக்கும் சின்ன மரச்சுத்திகள் மூன்றை எடுத்து வந்து, ஒன்றை அந்தப் பெரிய கைக்குள் வைத்து விரல்களை மூடினார். ரஸ் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார், கண்ணீர் செய்தித்தாளில் சொட்டியது. லொரெய்ன் ஒரு நண்டை ஓங்கித் தட்டி உடைத்தார். பின்காலோரம் இருக்கும், நண்டிலேயே ருசியான பெரிய வெள்ளைச் சதையை, உடையாமல் முழுசாக விரலால் நெம்பி எடுத்து, ரஸ்ஸின் பக்கம் வைத்தார்.