கந்தப்பனின் ஒற்றை ரூபாய்

அவிநாசிக் கந்தப்பனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. என் அக்கா நஞ்சம்மாளின் கணவர் கதிருக்கு உடன்பிறந்த அண்ணன். நூல் கடை வைத்திருந்தார். ஆனால் சுற்று வட்டாரத்துக்கு அவரைத் தெரிந்தது மொய் எழுதுகிற ஆளாகத்தான். எந்தக் கல்யாணத்திலும் மண்டப வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார். நூறு நீட்டினால், "அந்த ஒத்தை ரூபாயுங்க?" என்று கேட்டு வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறப்பார். சைபரில் முடித்தால் உறவு அத்துப்போகுமாம்.

தொண்ணூற்றேழில் கதிர் மச்சான் கனடாவில் ஒருவழியாக நிலைத்து, அக்காவையும் மகள் பூங்கொடியையும் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பூங்கொடிக்குப் பத்தொன்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிறந்தநாளுக்கு முன்னால் மனு கட்டணத்தோடு டில்லியில் கனடா தூதரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாண்டிவிட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். அப்பனைப் பார்த்து வருஷக்கணக்கான பெண். விமானத்தில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அம்மாவிடம் இப்போதே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மதுக்கரையில் அக்கா வீட்டில் கட்டணத் தாளை நான்தான் உரக்கப் படித்து விளக்கினேன். ஆளுக்கு ஒரு கட்டணம். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. டிடியாக மட்டும், சொன்ன தொகைக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மனுவையே திருப்பிவிடுவார்கள்.

"ஏனுங்க மாப்ள, கூடக் குடுத்தா எவனாச்சும் வேண்டாம்பானா?" என்று சிரித்தார் கந்தப்பன்.

"வேண்டாம்பாங்க. தாள்லயே போட்டிருக்குதுங்க."

"செரி செரி, உடுங்க. பேங்க்ல எல்லாம் நம்மாளுக. நா பாத்துக்கறேன். அம்மணி, பணத்தை எடுத்தா."

புருஷனின் அண்ணன் கேட்டு அக்கா எப்படி மறுப்பாள்? கொடுத்துவிட்டாள். எனக்கோ மில்லில் பகல் ஷிப்ட். அந்த மகானுபாவர் டிடி எடுத்து, மனுவோடு உறையில் வைத்து ஒட்டி, ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வந்தார்.

பூங்கொடியின் பிறந்தநாள் கழிந்த வாரம் உறை திரும்பி வந்தது. டிடியில் ஒரு ரூபாய் கூடுதல்.

"நல்ல காரியத்துக்குச் சைபர்ல முடிக்கறதுங்களா? அதான் ஒத்தை ரூபா சேத்திப்போட்டேன். வெள்ளைக்காரனுக்கு மொறை தெரியலீன்னா நா என்ன பண்றது?" என்றார். மன்னிப்பா? அட போங்க! அழுதுகொண்டிருந்த அக்காவிடமே காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சரியான தொகையோடு மறுபடி அனுப்பினோம். அக்காவுக்கு மட்டும் விசா வந்தது. வயசுப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? தேதி முடிந்து அதுவும் வீணாயிற்று. பூங்கொடி யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஜன்னலோரப் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம். கதிர் மச்சான் சொற்ப லீவில் வந்து, பெற்ற மகளின் கல்யாணத்தில் விருந்தாளி மாதிரி நின்றார். மொய் மேஜையில் யார்? கந்தப்பன்தான். நான் ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"அந்த ஒத்தை ரூபாயுங்க, மாப்ள?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைத்தான் டில்லிக்கு அனுப்பிச்சுப்போட்டீங்களே!"

அவர் அசரவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து என் நூறின்மேல் வைத்தார். என் பெயருக்கு நேரே நூற்றியொன்று என்று எழுதிவிட்டு, "அடுத்தவிங்க வாங்க" என்றார்.