சூட்டிக்குச் செய்த அர்ச்சனை

போன வருசம், கேதார கௌரி விரதத்தின் பதினேழாம் நாள். எங்கள் சூட்டி காலையிலிருந்து மண் பெட்டிக்குள் போய்க் குந்துவதும், ஒன்றும் பெய்யாமல் வெளியே வருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பாவத்தை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சூட்டி எங்கள் பூனை. இரண்டு வயதுதான். மகள் வேலைக்கென்று சிட்னிக்குப் போன பிறகு, மெல்பேர்ன் வீட்டில் நானும் இவரும் அவனும்தான். பின்னேரம் வந்து பார்த்தால் குசினி மூலையில் சுருண்டு கிடக்கிறான். வாந்தியும் எடுத்திருந்தான். வயிற்றில் கை வைத்ததும் கத்தினான். அள்ளிக்கொண்டு ஓடினோம்.

சிறுநீர்ப் பாதை அடைத்து, சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார் மிருக வைத்தியர். குழாய் போடலாம், ஆனால் அதைக் கழற்றிய பிறகு தானாகப் பெய்தால்தான் நம்பிக்கை என்றார். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன்.

விரதம் தொடங்கினால் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. வழக்கமாக மீனை அவித்த தண்ணீரோடு சாப்பிடுகிறவனுக்கு, அத்தனை நாளும் வெறும் பூனை பிஸ்கட்தான் வைத்தேன். அதற்குள்ளும் இறைச்சிதான் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. எங்கள் வீட்டில் பூனையும் விரதம் என்று கோயிலில் பெருமை வேறு அடித்தேன். அவனோ தண்ணீர்க் கோப்பையைத் திரும்பியும் பார்க்காதவன். சிறுநீரில் படிகம் கட்டும் உடம்பு, ஈரச் சாப்பாடும் நின்றதும் அடைத்துவிட்டது என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். காருக்குள் ஏறியதும் இவர் ஒன்றைத்தான் சொன்னார்.

"விரதம் உமக்கு. அந்த வாயில்லாச் சீவனுக்கு ஏனப்பா?"



குழாய் போட்ட மூன்றாம் நாள் காலை அதைக் கழற்றினார்கள். மத்தியானமாகியும் ஒரு சொட்டு இல்லை. த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டார். சூட்டி என்றேன். பிள்ளையோ என்று கேட்டார். ஓம், பிள்ளைதான் என்றேன். நட்சத்திரம் தெரியாது, என்னுடையதைச் சொன்னேன். மணி அடிக்கும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பிள்ளையாரப்பா, என்ரை பிழைக்கு அவனைத் தண்டிக்காதை. அவன் ஒருக்கா மூத்திரம் பெய்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

வீடு கேட்டிருக்கிறேன், விசா கேட்டிருக்கிறேன். இப்படி உருகி எதையும் கேட்டதில்லை.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது போன் வந்தது. தூக்கிப் பிடித்த தாதியின் சட்டை முழுக்கப் பெய்துவிட்டானாம்! கார் நிறுத்துமிடத்தில் நின்று சிரித்துச் சிரித்து அழுதேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு பரிசோதனையிலும் சிறுநீரகம் தேறி வந்தது. இப்போது படுக்க ஒரு கதிரை போதாது என்கிற அளவுக்குக் கொழுத்துப்போய்க் கிடக்கிறான்.

இந்த வருசமும் விரதம் பிடித்தேன். வைத்தியர் சொன்ன ஈரச் சாப்பாட்டில் இன்னும் தண்ணீர் விட்டுக் குழைத்து, கராஜில் வைத்து என் கையாலேயே கொடுத்தேன். பிறகு தலைக்கு முழுகிவிட்டு விளக்கேற்றினேன். கோயிலில் இதைச் சொன்னபோது ஒரு அன்ரி முகத்தைச் சுளித்தா. எனக்கோ என்றுமில்லாத நிம்மதி.

உங்கள் வீட்டு உயிர் ஒன்று தவித்தால், முதலில் வைத்தியரிடம் ஓடுங்கள். பிறகு பிள்ளையாரிடம் வந்து, உள்ளதை உள்ளபடி கேளுங்கள். பூனைக்கு மூத்திரம் கேட்டவளைக்கூட அவர் சிரித்து அனுப்பவில்லை.