கன்றை விட்டுவிட்டுக் கட்டிலை ஏற்றினோம்

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோலாலிப்பிஸுக்கு மாற்றலானபோது கட்டில், பெட்டி, அம்மி என்று சரக்குப் பெட்டியை நிரப்பிவிட்டு, பசுவை மட்டும் ஏற்றினோம். கன்றுக்கு இடமில்லாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டோம். எனக்குப் பால் வற்றிவிட்டதால் கைக்குழந்தைக்கு அந்தப் பசும்பால்தான்.

கிம்மாஸில் வண்டி மாறும்போது குழந்தை பசியில் கதறியது. கன்றைக் காணாத பசு ஒரு சொட்டுப் பால் விடவில்லை. அழுது அழுது குழந்தை துவண்டுபோனது.

“இங்க குடுங்கக்கா,” என்றாள் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண். தன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் பிள்ளைக்குப் பாலூட்டினாள்.

இப்போது மறுபடியும் மாற்றல்; பசுவும் புதிதாக ஒரு கன்று போட்டிருக்கிறது. மூட்டை கட்டியே அலுத்துவிட்டது.

“கட்டில எங்க ஏத்துறது?” என்கிறார் இவர்.

“கட்டில் கிடக்கட்டுங்க. கன்னுக்குட்டிய ஏத்துங்க.”